டிரங்க்கால் மிளகாய் தந்த சந்திரகலா அம்மையார்

இக்கூட்டத்திற்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆதிமூலம் ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் தொலைபேசி நிலையத்துப் பெரியோர்களே! எங்கள் அருணை மாதர் வீட்டுத்தோட்டக் கழகத்தின் உறுப்பினர்களே! மறைந்த அம்மையார் மகனாக வளர்த்த தங்கை மகன் தருமனே! முன்வரிசையில் அமர மறுத்து, மூன்று முறை வற்புறுத்திய பின் நாற்காலியின் நுனியில் மட்டும் அமர்ந்திருக்கும் மயானக் காவலர் காசி அவர்களே! அண்ணாமலையார் நகரத்து நல்லோரே! உங்கள் அனைவருக்கும் கழகச் செயலாளராகிய தனத்தின் வணக்கம்.

மயானக் காவலருக்கு முன்வரிசையில் நாற்காலியா என்று வாயிலில் ஒருவர் என்னைக் கேட்டார். பொறுத்தருளுங்கள் ஐயா! நான் பேசி முடிக்கும் வரை பொறுத்தருளுங்கள். அதன்பின் அந்த ஒரு நாற்காலி போதுமா என்று நீங்களே கேட்பீர்கள்! அம்மையாரின் படத்தருகே வெள்ளைத் துணி மூடியிருக்கும் பொருள் என்ன என்று வேறு சிலர் கேட்டார்கள். அதற்கும் பொறுத்தருளுங்கள்.

அவையோரே! முப்பது நாள் முன்பு நாம் இழந்த விதைச்செல்வி சந்திரகலா அம்மையாருக்காக நான் இப்போது அழப்போவதில்லை. ஏன் தெரியுமா? அழக்கூடாது என்று எனக்குக் கற்பித்தவரே அவர்தாம்! இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வூர்த் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவர் எத்தனை சாவுச் செய்திகளைக் கடத்தியிருப்பார்! வெளியூருக்குப் பதிந்து காத்திருந்த டிரங்க்கால் கிடைத்ததும் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் விம்முகிறவர்களைப் பார்த்து அவர் சொல்வாராம்: "அழுவாதீங்கம்மா. அழுதா அந்தாண்ட ஒண்ணும் கேக்காது. மூணு நிமிஷம்தான் கீது. மொதல்ல சொல்ல வேண்டியத சொல்லிடுங்க, அப்புறமா அழுவுங்க."

மொதல்ல சொல்லு, அப்புறம் அழு! ஆகவே முதலில் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு. தீபத்திற்கு நான்கு நாள் முன்பு பெருமழை. கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன. அந்த மழையில் நனைந்தபடி, ரமணாசிரமம் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த தெரேசா என்னும் இத்தாலி நாட்டுப் பெண்மணி தொலைபேசி நிலையத்திற்கு வந்தார். அவருடைய தாயாருக்கு நோய் முற்றிவிட்டது என்று தந்தி வந்திருந்தது. ஒரு முறை தாயின் குரலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. சென்னைக்கே கம்பி இல்லாத நாளில் கடல் கடந்த ஊருக்கு எங்கே போவது?

சந்திரகலா அம்மையாரின் பணிநேரம் முடிந்தது. அவர் எழுந்தாரா? இல்லை! மறுநாளும் முடிந்தது. எழுந்தாரா? இல்லை! விழுப்புரத்தைச் சுற்றிச் சென்னை, சென்னையிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து சீமை என்று ஊர் ஊராகக் கெஞ்சி, மூன்றாம் நாள் பிற்பகலில் அந்தத் தாயின் குரலை இந்த மலையடிவாரத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தார்! மூன்று நிமிடம் பேசினார்கள். மகளின் குரல் கேட்ட தெம்போ என்னவோ, அந்தத் தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

தெரேசா அம்மையார் ஊர் திரும்பினார். அடுத்த பங்குனியில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு கடிதமும், மடித்த தாளில் இருபத்தொரு விதைகளும் இருந்தன. ஆசிரமத்தில் ஆங்கிலம் அறிந்த ஒருவர் கடிதத்தைப் படித்துச் சொன்னார். "இது என் தாய் தன் கொல்லையில் வளர்க்கும் இனிப்பு மிளகாய். எங்கள் குடும்பத்தில் ஆறு தலைமுறையாக விதை மாறாமல் வருகிறது. கார மிளகாயை இதன் அருகில் வளர்க்காதீர்கள். ஆண்டுதோறும் விதை எடுங்கள். கேட்பவருக்குக் கொடுங்கள். விற்காதீர்கள்."

ஊட்டியிலிருந்து வரும் குடமிளகாய்க்கு இது உறவு. ஆனால் குடம்போல் இராது. காளையின் கொம்புபோல் ஒரு சாண் நீளத்திற்கு வளைந்து தொங்கும். பழுத்தால் கோயில் குங்குமம் தோற்கும்! அதற்கு நம்மூர் மக்கள் இட்ட பெயரைப் பாருங்கள்: டிரங்க்கால் மிளகாய்! இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவர் இடமுடியும்?

ஆனால் அது எளிதில் காய்த்ததா? ஆர்வத்தை அடக்க மாட்டாமல் சித்திரையிலேயே பன்னிரண்டு விதைகளை ஊன்றிவிட்டார் அம்மையார். சித்திரையில்! நம்மூர் வெயிலில்! மலைப்பாறை சுட்டுக் கொதிக்கும் காலத்தில்! செடி வந்தது, பூவும் வந்தது. வந்த பூவெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. பன்னிரண்டும் போயின. வேறொருவராயிருந்தால் மிச்ச ஒன்பதையும் ஆடியில் போட்டுத் தொலைத்திருப்பார். அம்மையார் காத்திருந்தார்! மழைக்காலத்தில் நாற்றுவிட்டு, மார்கழிப் பனியில் பூக்கவைத்து, உச்சிவெயிலுக்கு மட்டும் தென்னங்கீற்று நிழல் கட்டினார். தை மாதம் பிறந்தது. ஆறு செடிகளில் நாற்பது கொம்புகள் தொங்கின!

தொலைபேசி நிலையத்து விசிப்பலகையில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு அவர் அவற்றை நறுக்கிக் கொடுத்தார். "மிளகாயைப் பச்சையாத் தின்னச் சொல்றியே, நான் என்னாம்மா பாவம் பண்ணேன்?" என்று அலறினார் அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஒரு துண்டை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "இன்னொண்ணு கீதா?" என்றார்!

அவையோரே, இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அவர் பெருமையைச் சொல்ல வந்தவள் என் சிறுமையை மறைத்தல் முறையாகுமோ?

எங்கள் இரு வீட்டிற்கும் நடுவே ஒரே சுவர், இடுப்பளவு. என் பக்கம் ஒரு வரிசை ஊசி மிளகாய். எழுபத்தாறாம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள் அம்மையார் சுவரோரம் வந்து நின்றார்.

"தனம், இந்த மிளகாயை மட்டும் கொஞ்சம் அந்தாண்ட நவுத்தி வெக்கிறியா? கிட்ட இருந்தா என்னுது கெட்டுப்பூடும்னு அந்தம்மா எழுதிக்கிறாங்க."

"ஏன்க்கா, என் மிளகாய் எங்க நிக்கணும்னு உன் மிளகாய்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"உத்தரவு இல்லடி. வேண்டித்தான் கேக்கறேன்."

"உன்னுது கப்பல்ல வந்துதுன்னா என்னுது சுவத்த வுட்டு ஓடணுமா? காரம் ஜாஸ்தியா இருக்கறது அதோட தப்பா? போக்கா, போயி நம்பர் கேளு!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வென்றதாக நினைத்தேன். சுவரைத் தாண்டத் தேனீக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம் என்பதை நான் அறியவில்லை. அந்த ஆண்டுக் காய் வழக்கம்போல் இனித்தது. ஆனால் அதனுள் இருந்த விதையில் என் ஊசி மிளகாய் குடியேறிவிட்டது!

அடுத்த ஆண்டு அந்த விதையில் முளைத்த செடிகள். பார்வைக்கு அதே கொம்பு, அதே சிவப்பு. முதல் காய்கள் கண்காட்சிக்கென்று ஒருவரும் கடித்துப் பார்க்கவில்லை. மாசி மாதம் நகரில் காய்கனிக் கண்காட்சி. அம்மையாரின் தட்டுக்கு அட்டை எழுதிக் கொடுத்தவள் நான். என்ன எழுதினேன்? "ஈடிணையற்ற இனிப்பு மிளகாய்! கடித்துச் சுவைத்து மகிழ்க!" பரிசு வழங்க வந்த அதிகாரி அட்டையை நம்பினார். பாதிக் காயை ஒரே கடியாகக் கடித்தார்.

அந்த முகத்தை நான் எப்படி விவரிப்பேன்! முதலில் சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு, பிறகு கண்ணில் தாரை! பந்தலில் வைத்திருந்த பானையைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார். "டிரங்க்கால் கெடச்சிடுச்சுடா டோய்! சாரு கத்தறது வேலூர் வரைக்கும் கேக்குது!" என்று கூட்டத்தில் ஒருவர் கூவினார். பந்தலே சிரித்தது. "என்னாம்மா இது, இனிப்புனு எழுதிக்கீது, நாக்கு பத்திக்கினு எரியுது?" என்றார் அதிகாரி.

காரணம் அம்மையாருக்குத் தெரியும். கடிதம் எச்சரித்திருந்தது. அவர் என்னிடம் வேண்டியிருந்தார். நான் பேசிய பேச்சை அவர் மறந்திருக்க முடியாது. ஒரு விரலை என் பக்கம் நீட்டினால் போதும். நீட்டினாரா?

"பூவ மூடாம வுட்டது நான் சார். தப்பு என்னுது." இவ்வளவே சொன்னார்!

அன்று மாலை என் ஊசி மிளகாய் வரிசையை வேரோடு பிடுங்கினேன். கடைசிச் செடியைப் பிடுங்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "புடுங்கினது போதும் தனம். ஊசி நூல் எடுத்துகினு வா, பை தைக்கலாம்." மல்துணியில் விரலளவு பைகள். பூ மலரும் முன்னே மொட்டைப் பையால் மூட வேண்டும். பிஞ்சு பிடித்தபின் பையைக் கழற்றிக் காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். சிவப்பு நூல் கட்டிய காய்க்குக் கத்தி கிடையாது, அது விதைக்காய்! முந்தைய ஆண்டுகளின் நல்ல விதை ஒரு சிமிழில் பதினாறு மிஞ்சியிருந்தது. அந்தப் பதினாறிலிருந்து அம்மையார் மீண்டும் தொடங்கினார்.

அந்தப் பை தைத்த மாலைகளில் பிறந்ததே நம் கழகம்! ஒன்பது பெண்களாகத் தொடங்கினோம், இன்று நாற்பத்து மூவர் இருக்கிறோம். குளித்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் கொண்டு கொல்லைதோறும் காய்க்கவைத்தோம். ஐப்பசி தோறும் அம்மையார் வீட்டில் நாற்று வழங்கும் நாள். கேட்டவருக்கு இல்லை என்றது உண்டா? எழுபத்தொன்பதில் "விதைச்செல்வி" என்று பட்டம் சூட்டினோம். "பட்டமெல்லாம் எதுக்குடி? ரெண்டு கூடை எரு குடுத்திருந்தா செடிக்காவது ஆவும்" என்றார். இரண்டு கூடை எருவும் கொடுத்தோம்!

எண்பத்தொன்றில் இத்தாலியிலிருந்து மீண்டும் ஒரு கடிதம் வந்தது. தாயார் காலமாகிவிட்டார், கொல்லை விற்கப்பட்டு அங்கே கட்டடம் எழுந்துவிட்டது. "எங்களிடம் இனி ஒரு விதையும் இல்லை. உங்கள் கொல்லையில் இருப்பதுதான் எஞ்சியது" என்று எழுதியிருந்தார் தெரேசா. எண்ணிப் பாருங்கள் அவையோரே! ஆறு தலைமுறையின் செல்வம், கடல் கடந்து வந்து, செங்கம் சாலையில் ஒரு சமையலறை அலமாரியில், சாம்பலில் புரட்டிய விதையாக, ஒரே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்!

ஏன் ஒரே பாட்டில்? ஏனென்றால் கழகம் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. மற்ற கொல்லைகளில் கார மிளகாய் உண்டு, விதை கெடும், ஆகவே "வித்தானது விதைச்செல்வியின் இல்லத்தன்றி வேறெங்கும் எடுக்கப்படலாகாது" என்று விதி. அதை எழுதியவள் யார்? நான்! எத்துணை அழகிய தமிழ்! எத்துணை பெரிய பிழை!

இந்த ஐப்பசியில் மழை சற்று ஓயட்டும் என்று நாற்றுவிடக் காத்திருந்தார். மழை ஓயுமுன் அவர் மூச்சு ஓய்ந்தது. நெஞ்சுவலி என்றார், தருமன் வண்டி கொண்டுவருமுன் முடிந்துவிட்டது. அவர்கள் குல வழக்கப்படி மண்ணில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள்.

ஐந்தாம் நாள் எனக்கு விதையின் நினைவு வந்தது. ஓடினேன். அலமாரியில் அந்தப் பாட்டில் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"தருமா, இதுல இருந்த வெத எங்கடா?"

"பெரிம்மா தன் கையால சேத்து வெச்சதாச்சே அத்தை. பால் தெளிக்கறப்ப நவதானியத்தோட கலந்து அவங்க மேலயே தூவிட்டேன்." என் முகத்தைப் பார்த்தான். "ஏன் அத்தை, தப்பா?"

என்ன சொல்வேன் நான்? புதைத்த இடத்தில் ஒன்பது தானியம் தூவுவது நம் வழக்கம். அதனோடு தாய்க்குப் பிடித்ததையும் சேர்த்துத் தூவிய மகனைத் தப்பு என்பேனா? தருமா, தலையைக் குனியாதே! நிமிர்ந்து கேள்! "நல்லாத்தான் செஞ்ச" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அதன்பின் நாள்தோறும் மழை. தூவிய விதை அழுகியிருக்கும், அல்லது அடித்துக்கொண்டு போயிருக்கும். இருபது நாள் நான் அந்தச் சுவரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்து நான்காம் நாள் காலை, என் வீட்டு வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு ஒருவர் கூப்பிட்டார். அவர்தான் இதோ முன்வரிசையில் இருக்கும் காசி!

"தனம்மா வூடு இதானே? டெலிபோன் அம்மா சமாதியில ஒரு விசயம், வந்து பாக்கறீங்களா?"

"என்னாப்பா? மண்ணு கிண்ணு சரிஞ்சிடுச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. நவதானியம் மொளைச்சுதா, வழக்கம்போல ஆடு வந்து மொட்டையா மேஞ்சிட்டுப் போயிடுச்சு. அப்பால பத்து நாள் கழிச்சு வேற என்னாவோ மொளைச்சுகினு வந்துது. குனிஞ்சு பாத்தேன். மிளகா நாத்து! டிரங்க்கால் மிளகா! பதினாலு கீது. சுத்தி முள்ளு வெட்டிப் போட்டு வெச்சுக்கிறேன்."

கேட்டீர்களா அவையோரே! முந்தி முளைத்ததை ஆடு மேய்ந்தது! பிந்தி முளைத்தது பிழைத்தது! சித்திரையில் அவசரப்பட்டுப் பன்னிரண்டு விதைகளை இழந்தவருக்கு, காத்திருக்கும் குணமே கடைசியில் துணைநின்றது!

"அது டிரங்க்கால் மிளகாய்னு உனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று கேட்டேன். "என்னாம்மா இப்பிடிக் கேட்டுட்டீங்க? வருசாவருசம் என் குடிசைக்கு நாலு நாத்து அந்தம்மா கையால வரும். ஏழு வருசமா என் பசங்க தின்னுதுங்களே!" என்றார். செயலாளராகிய எனக்கே தெரியாத கணக்கு இது! கழகப் பதிவேட்டில் இல்லாத உறுப்பினர் ஒருவரை அவர் ஏழாண்டு வைத்திருந்தார்!

கழகத்தைக் கூட்டினேன். "பொம்பளைங்க மயானத்துக்குப் போறதா? ஊர் என்னா சொல்லும்? அங்க மொளைச்சத வூட்டுக்குள்ள கொண்டாறதா?" என்றார் நம் சரோஜா. "தட்டு தட்டா வாங்கித் தின்னப்ப ஊருக்கு நல்லாத்தானே இருந்துது?" என்றார் பொன்னி. நீண்ட விவாதத்தை நான் சுருக்குகிறேன். பட்டப்பகலில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் கொட்டாங்குச்சிகளோடு ஒன்பது பெண்கள் தேரடி வீதி வழியே நடந்தோம்! சோடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிக்க மறந்தார்கள். மயான வாசலில் காசி சிரித்தார். "இத்தினி வருசத்துல செத்தவங்களப் பொதைக்க வந்தவங்களத்தான் பாத்துக்கிறேன். நாத்து புடுங்க வந்தவங்களை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்!"

முட்களை அவர் விலக்கினார். ஈர மண்ணில், விரல் உயரத்தில், நான்கு நான்கு இலை விரித்துப் பதினான்கு நாற்றுகள். நாங்கள் ஒன்பது பேரும் அங்கே என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம் அவையோரே! மயானத்தில் நின்று கைதட்டினோம்!

இரண்டு வாடிவிட்டன. பன்னிரண்டு பிழைத்தன. பொன்னி, அந்தத் துணியை எடு!

பாருங்கள்! நன்றாகப் பாருங்கள்! இதுதான் டிரங்க்கால் மிளகாய்! கடலைத் தாண்டியது, சித்திரையைத் தாண்டியது, என் ஊசி மிளகாயைத் தாண்டியது, நான் எழுதிய விதியைத் தாண்டியது, இப்போது மரணத்தையும் தாண்டி உங்கள் முன் பன்னிரண்டு கொட்டாங்குச்சிகளில் நிற்கிறது!

தலைவர் அவர்களே, செயலாளர் என்ற முறையில் பழைய தீர்மானத்தை இந்த அவையிலேயே திரும்பப் பெறுகிறேன். இனி ஒரே பாட்டில் கிடையாது! பன்னிரண்டு நாற்றும் பன்னிரண்டு வீட்டிற்குச் செல்லும். பெறுகின்ற வீட்டின் கொல்லையில் இனிக் கார மிளகாய் நிற்கலாகாது. மொட்டுக்குப் பை, காய்க்குச் சிவப்பு நூல், ஆண்டுதோறும் விதை, கேட்டவருக்குக் கொடை. இதைச் செய்வோம் என்று அவர் படத்தின் முன் உறுதி சொல்கிறவர்கள் வாருங்கள்.

முதல் நாற்று காசி அவர்களுக்கு! எழுந்து வாருங்கள் ஐயா. கைகட்டி நிற்காதீர்கள், இரு கையாலும் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது தருமனுக்கு. மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன், அந்தச் சுவரோரம், ஊசி மிளகாய் நின்ற அதே இடத்தில் வைப்பதற்கு. மிச்சம் ஒன்பது. மயானத்தில் முளைத்தது என்று தயங்குகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அது அவர் மேல் முளைத்தது! நமக்கு இல்லை என்று சொல்லியறியாத அந்தக் கையின் மேல் முளைத்தது!

யார் வருகிறீர்கள்? அதோ, ஒருவர் எழுகிறார்! சரோஜா! நம் சரோஜா! வா, வா, வழிவிடுங்கள் அவருக்கு! அவர் பின்னே இன்னொருவர்! தலைமையாசிரியர் ஐயா, தாங்களுமா! ஒன்பதுக்கு மேல் கைகள் உயர்கின்றனவே! போதவில்லையே அக்கா, நாற்று போதவில்லையே!

மற்றவர்களுக்கு அடுத்த ஐப்பசியில் உண்டு. எந்த வீட்டில் கேட்டாலும் உண்டு!

மூன்று நிமிடம் ஆனதும் நீங்கள் இடையில் புகுந்து கேட்பீர்களே அக்கா, "டைம் ஆயிடுச்சு, இன்னும் பேசறீங்களா, கட் பண்ணிடட்டுமா?" என்று. பேசுகிறோம் அக்கா. துண்டிக்க வேண்டாம். பன்னிரண்டு கொல்லையிலிருந்தும் பேசிக்கொண்டே இருப்போம்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். இனி நான் அழலாம் அல்லவா?